நூலகர்களுக்குக் கணினிப் பயிற்சி: எங்கிருந்து தொடங்கலாம்?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் பள்ளி, கல்லூரி நூலகர்களுக்கும் படிப்பகம் நடத்துகிறவர்கள் சிலருக்கும் நூலகத் தானியக்கம், அதாவது நூலக வேலைகளைக் கணினியில் செய்வது பற்றி மூன்று நாள் பயிற்சி நடத்தப் போகிறோம். பாடம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

ஏற்பாட்டாளர்கள் நிகழ்ச்சி நிரலையும் அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் கணினியின் வரலாறு, தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவி, வெளியீட்டுக் கருவி. இரண்டாம் நாள் லினக்ஸ் இயங்குதளம் நிறுவுவது, அதன்மேல் கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவுவது. மூன்றாம் நாள் மின்னூலகம், செயற்கை நுண்ணறிவு, கடைசியில் சான்றிதழ். இதை இப்படியே நடத்தினால், வந்தவர்களில் யாரும் ஊருக்குத் திரும்பி ஒரு புத்தகத்தைக்கூடப் பதியமாட்டார்கள்.

நூலகர் வெறுங்கையோடு வருவதில்லை. நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசை எண் போட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டை வருஷக்கணக்காக எழுதிய கை அது. தேதி, சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, பில் எண் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். தரவுத்தளம் என்று நாம் பெரிதாகச் சொல்வதை அவர் ஏற்கெனவே காகிதத்தில் செய்துகொண்டிருக்கிறார். பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, அதன் பக்கத்திலேயே மென்பொருளின் உள்ளீட்டுப் படிவத்தைத் திறந்து, எந்தப் பத்தி எங்கே போகிறது என்று பார்க்க வைப்பது.

ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் உண்டு. பதிவேட்டில் ஒரே புத்தகம் ஐந்து பிரதி வந்தால் ஐந்து வரி எழுதுவோம். கோஹாவில் நூல் விவரம் ஒருமுறைதான். அதன் கீழே ஐந்து பிரதிகள், ஐந்து சேர்க்கை எண்கள். பதிவேட்டுப் பழக்கத்தில் ஐந்து தனிப் பதிவுகள் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் வாசகர் தேடினால் ஒரே தலைப்பு ஐந்து முறை வரிசையாக வந்து நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் பதிய வைக்கவே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். உங்கள் அனுபவம் என்ன, எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்று சொல்லுங்கள்.

ஊர்ப்புற நூலகர்:

வணக்கம் ஐயா. குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் மாதிரியான பயிற்சிக்கு நானும் போயிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டேன், குறிப்பு எடுத்தேன், சான்றிதழும் வாங்கினேன். திரும்பி வந்தபோது எங்கள் நூலகத்தில் கணினியே இல்லை. அது வந்து சேர்ந்த நேரத்தில் கற்றதில் முக்கால்வாசி மறந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரி நூலகங்களில் ஆள் ஒருவர்தான். கதவு திறப்பது, பெருக்குவது, நாளிதழ் அடுக்குவது, புத்தகம் கொடுத்து வாங்குவது, பள்ளிப் பிள்ளைகள் கேட்பதைத் தேடித் தருவது எல்லாம் அந்த ஒருவர். இதற்கு நடுவே ஆயிரக்கணக்கான புத்தகங்களை எப்போது உள்ளிடுவது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முடியும், எந்த அலமாரியை முதலில் எடுப்பது, பாதி உள்ளிட்ட நிலையில் இரவல் கணக்கை எப்படி நடத்துவது, இவற்றைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி பயம் போய்விடும்.

தமிழ்த் தட்டச்சும் இருக்கிறது. நான் தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர் முடித்தவள். பயிற்சியில் தமிழ்99 விசைப்பலகை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். பழகிய விரலை மாற்றவே எனக்கு ரொம்ப நாள் ஆகும் போலிருக்கிறது.

லினக்ஸ் புதுவை:

மேடம், விரலை மாற்ற வேண்டாம். தமிழ்99 என்பது 1999-இல் அரசு தரப்படுத்திய விசைப்பலகை அமைப்பு. கற்பவர்களுக்கு எளிது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் பழைய தட்டச்சு விசையமைப்பிலேயே யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் எழுதவும் வழி இருக்கிறது. விசையமைப்பு வேறு, எழுத்தின் குறியீடு வேறு. கவனிக்க வேண்டியது இரண்டாவது. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். நூலகத்தின் நூல் அட்டவணையில் யாராலும் தேட முடியாது. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் பல நூலகங்களில் பழைய எழுத்துருவில் அடித்த எக்செல் பட்டியல்களை இன்னும் பார்க்கிறேன். அதை வைத்திருப்பவர்கள் பயிற்சிக்கு வரும்போது பென் டிரைவில் கொண்டுவரட்டும், மாற்றிக் கொடுக்கலாம்.

கெடிலக்கரை சாருக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ் நிறுவுவதை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைச் சொல்வது லினக்ஸை நேசிக்கும் ஆள். நிறுவுவது ஒருமுறை வேலை. மாவட்டத்துக்கு நாலு பேர் தெரிந்து வைத்திருந்தால் போதும். கோஹாவை உலாவியிலேயே திறந்து வேலை செய்யலாம் என்பதால் நூலகருக்கு ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் இருந்தால் சரி.

வேலை தேடும் நூலகவியல் மாணவி:

சிதம்பரத்தில் நூலகவியல் முடித்தேன். எந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டால் நல்லது? சிலர் சோல் என்கிறார்கள், சிலர் கோஹா, சிலர் இ-கிரந்தாலயா. நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதும் மார்க் 21 முழுவதும் மனப்பாடமாக வேண்டுமா?

கெடிலக்கரை:

இடத்தைப் பொறுத்தது அம்மா. காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் உருவாக்கிய சோல் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை மனதில் வைத்து வந்தது. இ-கிரந்தாலயா தேசியத் தகவல் மையம், அதாவது என்ஐசி செய்தது. கோஹா நியூசிலாந்தில் ஹோரோஹெனுவா என்ற பகுதியின் நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நிலை. பெரிய நகரத்தில் இல்லாத, நம்மைப் போன்ற சின்ன நூலகங்களுக்காகத்தான் அது பிறந்தது. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது.

நான் 90-களில் யுனெஸ்கோ தந்த சிடிஎஸ்/ஐசிஸ் என்ற மென்பொருளில் தொடங்கினேன். அதில் உள்ளிட்ட தரவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஐஎஸ்ஓ 2709 என்ற பரிமாற்ற வடிவத்தில் வெளியே எடுத்து அடுத்ததற்கு மாற்ற முடிந்ததுதான் காரணம். எந்த மென்பொருளானாலும், உள்ளே போட்டதை மார்க் வடிவில் முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

மனப்பாடம் தேவையில்லை. 020 புத்தகத்தின் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன், 082 பொருள்வாரியாக அடுக்க உதவும் டூயி எண், 100 ஆசிரியர், 245 தலைப்பு, 250 பதிப்பு, 260 அல்லது 264 வெளியீட்டு விவரம், 300 பக்கமும் அளவும், 650 பொருள், 700 மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர் போன்றவர்கள். இவ்வளவு கைக்கு வந்தால் ஒரு பொது நூலகத்தின் பெரும்பகுதியை முடித்துவிடலாம். பிரதி விவரம் கோஹாவில் 952-இல் போகும். தமிழ்ப் பட்டியலாளருக்கு ஒரு சௌகரியமும் உண்டு: 245-இன் இரண்டாவது குறியீடு, தலைப்பின் முன்னால் வரும் A, The போன்ற ஆர்ட்டிகிளை அகரவரிசையில் ஒதுக்குவதற்காக வைத்தது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லாததால் எப்போதும் 0 போட்டுவிடலாம்.

அட்டைப்பெட்டி:

நான் புதுச்சேரியில் பட்டியலாக்கம் செய்கிறவள். கெடிலக்கரை சாரின் திட்டம் நல்லதுதான், ஆனால் தொடக்கத்தில் ஒரு மாற்றம் சொல்கிறேன். பதிவேட்டிலிருந்து தொடங்க வேண்டாம். தேடலிலிருந்து தொடங்குங்கள். நாலு பேர் நாலு விதமாக உள்ளிட்ட ஒரு சிறிய அட்டவணையை முன்கூட்டியே தயார் செய்து, முதல் மணி நேரத்தில் அதில் புத்தகம் தேடச் சொல்லுங்கள். அலமாரியில் இருக்கும், திரையில் வராது. ஏன் வரவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அதற்குப் பிறகு நாம் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்கவே மாட்டார்கள்.

தமிழில் அது எங்கெல்லாம் நடக்கிறது என்று பார்ப்போம். ஔவையார். சரியான எழுத்து 'ஔ' ஒரே எழுத்து. பலர் 'ஒ' அடித்து அடுத்து 'ள' அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு 'ஒளவையார்' வேறு ஆள். கௌரி, கௌதமன், மௌனம் எல்லாவற்றிலும் இதே கதை. பழைய தட்டச்சுப் பொறியில் ஔகாரத்துக்கு 'ள'வைத்தான் போட்டோம், அந்தப் பழக்கம் விரலோடு வந்துவிட்டது. ஊர்ப்புற நூலகர் அக்கா பழைய விசையமைப்பிலேயே தொடரட்டும், ஆனால் இந்த ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அடுத்தது, எழுத்துரு மாற்றிய கோப்புகளில் 'ரி' வரவேண்டிய இடத்தில் காலும் விசிறியும் சேர்ந்து 'ாி' என்று உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் புதுவை தம்பி மாற்றிக் கொடுத்த பிறகும் இதை ஒருமுறை தேடி மாற்ற வேண்டும்.

ஒற்று இன்னொன்று. தமிழ்க் கவிதைகள் என்றும் தமிழ் கவிதைகள் என்றும் அட்டையிலேயே இருவிதமாக அச்சாகியிருக்கும். நூலில் உள்ளபடியே 245-இல் எழுத வேண்டும், நாம் திருத்தக் கூடாது. மாற்று வடிவத்தை 246-இல் கொடுத்துவிட்டால் இரண்டு வழியிலும் தேடலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிது ஆசிரியர் பெயர். கடலூரில் பயிற்சி என்பதால் உங்கள் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், இயற்பெயர் சொ. விருத்தாசலம். ஒருவர் புனைபெயரில் உள்ளிடுகிறார், ஒருவர் இயற்பெயரில், இன்னொருவர் ஒற்றெழுத்தை விட்டுப் 'புதுமைபித்தன்' என்று. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனை 'த. ஜெயகாந்தன்' என்றும் 'ஜெயகாந்தன், த.' என்றும் வெறும் ஜெயகாந்தன் என்றும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாரதிதாசன் கனக. சுப்புரத்தினமாகவும் வருவார், புரட்சிக்கவிஞராகவும் வருவார். வாசகர் ஒரு வடிவத்தைத் தேடினால் அவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும், மீதி நூலகத்தில் இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்.

இதற்காகத்தான் ஆசிரியர் பெயர்களுக்கான ஆணைக் கோப்பு இருக்கிறது. ஒரு வடிவத்தை ஏற்று, மற்றவற்றிலிருந்து அதற்கு 'இதைப் பார்' என்று இணைப்பது. இப்படி ஒரு சின்னக் கோப்பை, நம் நூலகங்களில் அதிகம் இருக்கும் தமிழ் எழுத்தாளர்களுக்கு மட்டுமாவது, பயிற்சி முடியும் முன்பே எல்லோரும் சேர்ந்து செய்துவிட்டால் கடலூர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நானும் வந்து உட்காருகிறேன்.

சில்வர் பீச் காற்று:

கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? உள்ளிடும் வேலையை வெளி ஆளிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பிற நூலகங்களின் அட்டவணையில் தேடிப் பதிவை எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாக அமெரிக்க நூலகத்திலிருந்து பதிவுகளை இறக்கிக்கொள்ளலாமே.

அட்டைப்பெட்டி:

ஆங்கிலப் புத்தகத்துக்கு இறக்குவது மிக நல்ல வழி. ஐஎஸ்பிஎன்னை அடித்தால் பதிவு அப்படியே வந்து உட்காரும், பயிற்சியில் கட்டாயம் காட்டுங்கள். தமிழ்ப் புத்தகத்துக்கு வேறு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தமிழ் நூல்களை ஏராளமாக வாங்குகிறது, பதிவும் தரமாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் தலைப்பும் ஆசிரியரும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் கோடும் புள்ளியும் வைத்த அவர்களுடைய ஒலிபெயர்ப்பு முறையில் இருக்கும். நம் வாசகர் எவரும் அப்படி அடித்துத் தேடப் போவதில்லை. இறக்கிய பிறகு தமிழ் வடிவத்தையும் நாம் சேர்த்தாக வேண்டும். அதற்கென்றே மார்க்கில் 880 இருக்கிறது. பழைய தமிழ் நூல்களில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்த வேலை பற்றி. எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் அப்படிச் செய்தார்கள். பதிவு எண்ணிக்கைக்குக் காசு. மொழிபெயர்ப்பாளர் பெயர் ஆசிரியர் இடத்தில், பதிப்பகத்தின் பெயர் தலைப்பில், பாதிக்குமேல் பொருள் தலைப்பு வெறுமை. திருத்துவதற்கு, முதலிலிருந்து உள்ளிடுவதைவிட அதிக நாள் ஆனது. அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு யாரும் நூலகம் என்றால் என்ன என்று சொல்லித் தரவில்லை. வெளி ஆள் அடிக்கலாம், ஆனால் பக்கத்தில் நூலகர் உட்கார்ந்து அன்றன்றைக்குச் சரிபார்க்க வேண்டும். அந்த அளவுக்கு நூலகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பயிற்சியே.

நெல்லிக்குப்பம் வாசகன்:

நான் நூலகர் இல்லை, வாசகன். நடுவே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்துக்காக நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிக் கடலூர் வருவேன். வெளியே போயிருக்கிறது என்பார்கள். வீட்டிலிருந்தே கைப்பேசியில் பார்த்து, உள்ளே இருக்கிறதா, எப்போது திரும்பி வரும், முன்பதிவு செய்யலாமா என்று தெரிந்துவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் எங்களுக்கு. வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். தயவுசெய்து பயிற்சியில் வாசகர் பக்கத்தையும் காட்டுங்கள். நூலகர் தன் அட்டவணையைத் தன் கைப்பேசியில் வாசகராகத் திறந்து பார்க்கட்டும்.

கெடிலக்கரை:

இதைவிட நல்ல யோசனை வராது ஐயா. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தது வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. நம் பக்கத்து ஊர்க்காரர் 1931-இல் எழுதியதை நாம்தான் முதலில் செய்து காட்ட வேண்டும். வாசகர் பக்கம் முதல் மணி நேரத்துக்கே வந்துவிட்டது, அட்டைப்பெட்டி அம்மா சொன்ன தேடலோடு.

லினக்ஸ் புதுவை:

இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று மொழிக் குறி. எங்கள் ஊர் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உள்ள ஊர்; பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் ஒரே கூரையின்கீழ். 008-இல் மொழிக் குறியைச் சரியாகப் போட்டால் வாசகர் தமிழ் மட்டும், பிரெஞ்சு மட்டும் என்று வடிகட்டிப் பார்க்கலாம். படிவத்தில் முன்னிருப்பாக ஆங்கிலம் இருந்தால் அதை மாற்றாமல் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் நம் கடற்கரையில் பயிற்சி நடத்தவே கூடாது. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். தானே புயல் சமயத்தில் இங்கே எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் தொகுப்பாக நிறுவிய கோஹா தினமும் தானாகவே தரவுக்குக் காப்பு நகல் எடுக்கும். ஆனால் அந்தக் காப்பு அதே இயந்திரத்தின் வட்டில்தான் கிடக்கும். தண்ணீர் ஏறினால் இரண்டும் சேர்ந்து போகும். வாரம் ஒருமுறை ஒரு பிரதி வேறு கட்டடத்துக்கோ வேறு ஊருக்கோ போக வேண்டும். கணினியைத் தரையில் வைக்கவே கூடாது. எடுத்த காப்பைத் திரும்ப ஏற்றிப் பார்க்காதவரை அது காப்பே இல்லை, அதையும் பயிற்சியில் ஒருமுறை கண்முன் செய்து காட்டுகிறேன். வெறும் தரவுத்தளத்தில் புத்தகங்கள் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

ஊர்ப்புற நூலகர்:

படிக்கப் படிக்க எனக்கே வரவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்திலிருந்து கொஞ்சம் புத்தகங்களையும் பதிவேட்டின் ஒரு பக்க நகலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மாதிரிப் பதிவு என்று எங்கோ இருக்கும் ஆங்கிலப் புத்தகத்தை உள்ளிட்டு அழித்துவிட்டு வருவதில் என்ன பயன்? எங்கள் புத்தகத்தை உள்ளிட்டால் திரும்பிப் போகும்போது வேலை தொடங்கியிருக்கும். பயிற்சி முடிந்த பிறகும் சந்தேகம் கேட்க ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும், மாதம் ஒருமுறை யாராவது வந்து பார்த்தால் இன்னும் நல்லது. தனியாக உட்கார்ந்து ஒரு பிழைச் செய்தியைப் பார்க்கும்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கெடிலக்கரை:

எல்லாம் சரி அம்மா. இப்படி மாற்றி எழுதி அனுப்பப் போகிறேன். முதல் நாள் காலை தேடல், மதியம் தமிழ்த் தட்டச்சும் பெயர்களும். இரண்டாம் நாள் முழுக்க அவரவர் புத்தகம், பதிவேட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரதி என்பதையும் நூல் என்பதையும் பிரித்து. மூன்றாம் நாள் இரவல் கொடுத்து வாங்குவது, பார்கோடு, காப்பு. கணினியின் தலைமுறைகளுக்கு இடமில்லை. உங்கள் கேள்விக்கும் பதில் சொல்கிறேன்: பாதி உள்ளிட்ட நிலையில், இரவலில் திரும்பி வரும் புத்தகத்தை அலமாரிக்கு அனுப்பாமல் முதலில் உள்ளிடுங்கள். வாசகர் அதிகம் எடுப்பவை தானாகவே முதலில் பதிவாகிவிடும். யாரும் தொடாத அலமாரி கடைசியில் வரட்டும்.

சில்வர் பீச் காற்று:

பார்கோடு பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் நூலகத்தில் உப்புக் காற்றில் பழைய ஒட்டிகள் விளிம்பில் எழும்பி நிற்கின்றன. ஸ்கேனரும் சில புத்தகங்களில் படிக்கமாட்டேன் என்கிறது.

லினக்ஸ் புதுவை:

சார், சாதாரணத் தாளில் அச்சடித்துப் பசை தடவி ஒட்டியது இங்கே நிற்காது. பாலியெஸ்டர் ஒட்டி வாங்குங்கள். அட்டையின் வெளியே ஒட்டாமல் உள்பக்கத்தில், தையலிலிருந்து தள்ளி, வளைவில்லாத இடத்தில் ஒட்டுங்கள். மேலே செல்லோ டேப் போடாதீர்கள், மஞ்சளாகி ஸ்கேனரை மறைக்கும். எண் சேர்க்கை எண்ணாகவே இருக்கட்டும். ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு விசைப்பலகை மாதிரிதான். படிக்கவில்லை என்றால் நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்து பாருங்கள். எண் வந்தால் கோளாறு மென்பொருளில், வராவிட்டால் ஒட்டியில் அல்லது ஸ்கேனரில். எழும்பி நிற்கும் ஒட்டிகளில் ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள், அச்சு மங்கியதா, கோடுகள் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.